இளமையில் வறுமை, நடுவயதில் நோய்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 47. சிறுவயதில் வீட்டில் கடும் வறுமை. அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாத நாட்கள் பல. படித்து, நல்ல வேலைக்கு வந்து, இப்போது குறையில்லாமல் இருக்கிறேன். புகைப்பதில்லை, குடிப்பதில்லை, நாள்தோறும் நடக்கிறேன். இருந்தும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஒன்றாக வந்துவிட்டன. பரிசோதித்த மருத்துவர், பிறந்தபோது என் எடை என்ன என்று கேட்டார். இத்தனை காலம் கழித்து அது எதற்கு?

பதில்: உங்கள் மருத்துவர் காரணத்தோடுதான் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் வட்டாரத்தில் 1911 முதலே குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பழைய பதிவேடுகளைக் கொண்டு, 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த ஆண்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களிடையே இதயநோய் மரணங்கள் மிகுந்திருந்தன என்று 1989-இல் வெளியிட்டார்கள். அதே வட்டாரத்து ஆண்களை அறுபது வயதைக் கடந்தபின் பரிசோதித்தபோது, சர்க்கரை நோயும் எடை குறைந்து பிறந்தவர்களிடம்தான் கூடுதலாகத் தென்பட்டது.

தாய்க்குப் போதிய ஊட்டம் கிடைக்காதபோது, கரு தனக்குக் கிடைத்த கொஞ்சத்தை முதலில் மூளைக்கு ஒதுக்குகிறது; சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கும் கணையமும், சிறுநீரகமும் பின்தள்ளப்படுகின்றன. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் கருவில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகின்றன. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன்பின் புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. எண்ணிக்கையில் குறைந்த நெஃப்ரான்கள் வாழ்நாள் முழுவதும் கூடுதல் சுமையைத் தாங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இப்படிச் சிக்கனத்துக்குப் பழகிய உடல், பிற்பாடு தாராளமாகச் சாப்பாடு கிடைத்து எடை கூடும்போது திணறுகிறது.

‘இப்போது வசதியாகத்தானே இருக்கிறேன்’ என்பது உங்கள் ஆதங்கம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த 1,131 ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகவே விடை தருகிறது. அனைவரும் மருத்துவத் தொழிலுக்கு வந்தவர்கள். நடுவயதில் வருமானத்திலோ மதிப்பிலோ பெரிய ஏற்றத்தாழ்வு இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு, 50 வயதுக்குள் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.4 மடங்கு இருந்தது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; அந்த வயதில் இதயநோய் வருவோரே சிலர்தான் என்பதால், 2.4 மடங்கு என்றாலும் பெரும்பாலோர் தப்பித்தவர்களே. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆகவே உங்கள் சர்க்கரைக்கு வறுமைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. நடைப்பயிற்சி வீண் என்றும் எண்ணிவிடாதீர்கள். அது இல்லையென்றால் இதே நோய் இன்னும் முன்பே வந்திருக்கக்கூடும்.

கேள்வி: ‘கஷ்டப்பட்டு வளர்ந்த உடம்புதான் உரம் பாய்ந்தது’ என்பார் என் மாமனார். அவருக்கு 82 வயது. ஒரு மாத்திரைகூட எடுப்பதில்லை. அவர் சொல்வது சரியா?

பதில்: உங்கள் மாமனார் நூறாண்டு வாழட்டும். ஆனால், அவரோடு அதே கஷ்டத்தில் வளர்ந்து இடையிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. உடலுழைப்பு உரம் தரும், பற்றாக்குறை தராது. ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளர், ஆரோக்கியமான 334 பேரின் மூக்கில் சளிக்காய்ச்சல் கிருமியைச் சொட்டுமருந்தாக விட்டு, தனியிடத்தில் தங்க வைத்துக் கவனித்தார். சிறுவயதில் பெற்றோருக்குச் சொந்த வீடு இருந்த ஆண்டுகள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குச் சளி பிடிப்பது கூடியது. அவர்களுடைய இன்றைய வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோதும் இந்த வேறுபாடு மறையவில்லை. வாடகை, கடன், இடமாற்றம் என்று ஓயாத பதற்றத்தில் வளரும் குழந்தையின் உடலில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் ஒழுங்கு குலைகிறது. அழற்சியை, அதாவது கிருமியையோ காயத்தையோ எதிர்க்க உடல் காட்டும் வீக்கத்தையும் எரிச்சலையும், அடக்கும் அதன் வேலையும் நாளடைவில் தளர்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று.

கேள்வி: எங்களுக்கு இன்றும் பணமுடைதான். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. இப்போது என்ன செய்தால் அவளுக்குப் பின்னாளில் நல்லது?

பதில்: தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள், எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பதிந்து வையுங்கள், அரசு நடத்தும் குழந்தைகள் மையத்தில் உணவும் பராமரிப்பும் கிடைக்குமானால் தயங்காமல் சேருங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-இல் தொடங்கிய அபிசிடேரியன் திட்டத்தில், ஏழைக் குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்கு ஐந்து வயது வரை முழுநாள் பராமரிப்பு, கற்பிப்பு, உணவு, மருத்துவக் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. முப்பதுகளின் நடுவில் அளந்தபோது, திட்டத்தில் இருந்த ஆண்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 126, இல்லாதவர்களுக்கு 143. பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், மாத்திரையால்கூட எளிதில் இறங்காத அளவு அது.

தாயின் அரவணைப்பில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளின் இரத்தத்தில், வளர்ந்தபின் அழற்சிக் குறிகள் குறைவாக இருந்ததையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது மனதுக்கு ஆறுதலான செய்தி. ஆனால் ‘அன்பு போதும்’ என்று சொல்லி, சத்துணவுக்கும் குடியிருப்புக்கும் பொறுப்பான அரசுகள் கைகழுவவும், எல்லாச் சுமையையும் தாயின் தலையில் ஏற்றவும் இதைச் சாக்காக்குவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: சிறுவயது வறுமையை மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவசியம் சொல்ல வேண்டுமா?

பதில்: வறுமையின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை, குறைமாதப் பிறப்பா, எடை குறைவாகப் பிறந்தீர்களா, சிறுவயதில் தொண்டைவலிக்குப் பின் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்பவற்றைச் சொன்னால் போதும். மூன்றாவது முக்கியமானது, அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருந்தால் இதய வால்வைப் பரிசோதிக்க வேண்டும். நெருக்கடியான வீட்டில் பலரோடு வளர்ந்திருந்து, வயிற்றெரிச்சலும் நீடித்தால் அதையும் குறிப்பிடுங்கள். இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொற்றி, சிகிச்சை செய்யாவிட்டால் ஆயுள் முழுவதும் இருந்து, புண்ணுக்கும் சிலருக்குப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது. மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஓரிரு வார மருந்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.