வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்கு ஒரே வாசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ அலுவலகக் கணினியை இயக்குவது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்தை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தணிக்கையாளர் அலுவலகத்தில் 12 பேர் வேலை செய்கிறோம். டாலி கணக்கு மென்பொருள் ஒரு விண்டோஸ் சர்வரில் இருக்கிறது. நான்கு பேர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வந்து வேலை பார்க்கிறார்கள். அதற்காகக் கணினி பராமரிப்பவர் ரௌட்டரில் 3389ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து ஒரு சேவைக்குள் வரும் எண்ணிட்ட வாசலை) திறந்து கொடுத்தார். பாதுகாப்புக்காக அந்த எண்ணை 33890 என்று மாற்றியும் வைத்திருக்கிறார். இது போதுமா?
(அலுவலக மேலாளர், ஈரோடு)

பதில்: போதாது. இதைப் படித்தவுடன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ரௌட்டரில் உள்ள அந்தப் போர்ட் ஃபார்வர்டிங் விதியை, அதாவது வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் விதியை, நீக்குவதுதான். மாற்று ஏற்பாடு அமையும் வரை அந்த நால்வரும் ஓரிரு நாள் அலுவலகத்துக்கே வந்து வேலை பார்க்கட்டும்.

எண்ணை மாற்றுவதால் வாசல் மறைந்துவிடுவதில்லை. இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு 3389 என்றாலும் 33890 என்றாலும் ஒன்றுதான், ஏனெனில் தட்டியவுடன் ரிமோட் டெஸ்க்டாப் சேவை தான் இன்னது என்று தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஐயமிருந்தால் இன்றே சர்வரில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவுகளில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். தோல்வியடைந்த உள்நுழைவு ஒவ்வொன்றும் அந்த எண்ணில்தான் பதிவாகிறது. அட்மின், டெஸ்ட், யூசர் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்குமே இல்லாத பெயர்களில், நள்ளிரவு இரண்டு மணிக்குச் சில விநாடிகளுக்கு ஒரு முறை யாரோ முயன்றிருப்பதை அங்கே காண நேர்ந்தால் வியப்படைய வேண்டாம்.

கடவுச்சொல் கடினமாக இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை, விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 மற்றும் அவற்றுக்கு முந்தைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் இருந்தது. அதைப் பயன்படுத்துபவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. ஆதரவை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அதன் தீவிரம் விளங்கும்.

2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் ஒரு நூலிழை வணிக அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்ய அவசரமாக இதே போர்ட்டைத் திறந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை சர்வரைத் திறந்தபோது எல்லாக் கோப்புகளின் பெயர்களுக்கும் பின்னால் புரியாத ஓர் எழுத்துக்கோவை ஒட்டியிருந்தது. டெஸ்க்டாப்பில் பணம் கேட்கும் குறிப்பு ஒன்றும் இருந்தது. பேக்கப் எடுத்து வைத்திருந்த வெளி ஹார்டு டிஸ்க் அதே சர்வரில் நிரந்தரமாகச் செருகப்பட்டிருந்ததால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. அந்த வணிகத்தை நடத்திய குடும்பம் மூன்றாண்டுக் கணக்கை அச்சிட்ட பில்களைப் பார்த்து மறுபடியும் ஏற்றியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே அமைக்கும் குறியாக்கப்பட்ட தனிவழி. அந்த வழியின் வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று பார்க்கும் கருவிதான் கேட்வே. வயர்கார்டு 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு சாவிகள் உண்டு. தனிச்சாவி அந்தச் சாதனத்தை விட்டு வெளியே வருவதில்லை, பொதுச்சாவியை மட்டும் கேட்வேயில் பதிந்து வைக்கிறோம். பதியப்படாத சாவியோடு யார் தட்டினாலும் கேட்வே மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும் என்பதால், தேடி வருபவருக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. விண்டோஸ் சர்வரோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வேயும் நல்ல ஏற்பாடுதான். அது 443ஆம் போர்ட்டில் குறியாக்கத்துடன் இயங்கி, யார் உள்ளே வரலாம், எந்தக் கணினிவரை போகலாம் என்பதைத் தனித்தனி விதிகளாகக் கேட்கிறது. ஆனால் அதற்குச் சான்றிதழ், டொமைன், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் தேவைப்படும்.

விபிஎன் அமைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே வந்தவருக்கு டாலி சர்வர் மட்டுமல்லாமல் சிசிடிவி பெட்டி, பிரிண்டர், முதலாளியின் கணினி எல்லாமே திறந்து கிடக்கின்றன. கேட்வேயில் ஒவ்வொருவருக்கும் நிலையான ஓர் உள்முகவரி கொடுத்து, அந்த முகவரியிலிருந்து டாலி சர்வரின் 3389க்கு மட்டும் வழிவிட்டு, மற்ற அனைத்தையும் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். ரௌட்டரில் யுபிஎன்பி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை உள்ளே உள்ள ஏதேனும் ஒரு கருவி உங்களைக் கேட்காமலேயே புதிதாக ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளக்கூடும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் விபிஎன்னை அமைக்க முயன்றேன். எங்கள் ஃபைபர் இணைப்பில் வெளியிலிருந்து எதுவுமே உள்ளே வரவில்லை. பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது முகவரி) கிடையாது என்கிறார்கள். என்ன செய்வது?
(கட்டுமானப் பொருள் விற்பனையாளர், நாகர்கோவில்)

பதில்: ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரியை, அதாவது ரௌட்டருக்கு இணையப் பக்கத்தில் கிடைத்துள்ள முகவரியை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் உங்கள் ரௌட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை.

கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி வாங்குவது ஒரு வழி. மாத வாடகைக்கு ஒரு சிறிய கிளவுடு சர்வரை எடுத்து அதையே கேட்வேயாக்குவது மற்றொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தமானது, ஏனெனில் அலுவலகத்தில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு சிறு கணினியோ வயர்கார்டு இயங்கும் ரௌட்டரோ வெளிப்பக்கமாகக் கிளவுடு சர்வரை நோக்கி இணைப்பை ஏற்படுத்துகிறது. வீட்டில் இருப்பவரும் அதே சர்வரை நோக்கி வருகிறார், இருவரும் நடுவில் சந்திக்கிறார்கள். மைக்ரோடிக் ரௌட்டர்களில் ரௌட்டர்ஓஎஸ் 7ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அலுவலகப் பக்கத்து அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் மதிப்பை 25 விநாடி என்று கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் சற்று நேரம் யாரும் பயன்படுத்தாதபோது வழியில் உள்ள கருவிகள் இணைப்பை மறந்துவிடும், காலையில் முதலில் வருபவருக்குக் கதவு திறக்காது.

இன்னொரு சிக்கலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்திலும் வீட்டிலும் ரௌட்டர்கள் பெரும்பாலும் 192.168.1 என்ற ஒரே வரிசையில் முகவரி கொடுக்கின்றன. அப்போது 192.168.1.10 என்று சர்வரைத் தேடும் மடிக்கணினி, அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டுக் காணவில்லை என்று கைவிரிக்கும். அலுவலகத்தின் வரிசையை 10.47.12 போன்று வீடுகளில் அதிகம் காணாத எண்ணுக்கு மாற்றுங்கள். பிரிண்டர் முகவரிகளையும் அதற்கேற்ப மாற்ற அரை நாள் ஆகலாம் என்றாலும், பிறகு தினமும் தொலைபேசியில் விளக்கம் சொல்லும் நேரம் மிச்சமாகும்.

கேள்வி: விபிஎன் இருக்கும்போது மறுபடியும் ஓடிபி எதற்கு என்று ஊழியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?
(தனியார் நிறுவன மனிதவள அலுவலர், சென்னை)

பதில்: சலிப்பு இயல்பானதுதான், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் ஒரு சைபர் தாக்குதலால் சில நாள்கள் நின்றுபோனது. இனி பயன்பாட்டில் இருக்கக் கூடாத ஒரு பழைய விபிஎன் கணக்கு நீக்கப்படாமல் கிடந்தது, அதற்குக் கடவுச்சொல்லைத் தவிர இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை. அந்தக் கடவுச்சொல் தாக்கியவர்களின் கையில் இருந்தது. நிறுவனம் 75 பிட்காயின், அதாவது ஏறத்தாழ 44 லட்சம் டாலர், பிணைத்தொகை செலுத்தியது. கடவுச்சொல் எளிதானதல்ல என்று அதன் தலைமை நிர்வாகி அமெரிக்க செனட் குழுவின் முன் சொன்னார். கசிந்துபோன பின்பு கடவுச்சொல்லின் கடினத்தால் ஆகக்கூடியது எதுவுமில்லை.

30 விநாடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் கைபேசிச் செயலியில் உருவாக்குவது போதும், குறுஞ்செய்திக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வயர்கார்டில் இந்த இரண்டாவது சரிபார்ப்பு தன்னளவில் கிடையாது. மடிக்கணினி திருடுபோனால் சாவியும் அதோடு போய்விடும். எனவே வயர்கார்டு பயன்படுத்துவோர் மடிக்கணினியின் டிஸ்க்கை பிட்லாக்கர் போன்றவற்றால் பூட்டுவதையும், உள்ளே இருக்கும் சர்வரில் நுழையும்போது ஓடிபி கேட்பதையும் கட்டாயமாக்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் ஐந்து லினக்ஸ் சர்வர்கள் உள்ளன. ஐந்திலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுத்து இயக்கும் வழி) வெளியே திறந்திருக்கிறது. இவற்றுக்கும் கேட்வே தேவையா?
(மென்பொருள் பொறியாளர், மதுரை)

பதில்: தேவை. ஒரே ஒரு சர்வரை மட்டும் வெளியே வைத்து, மற்ற நான்கையும் அதன் வழியாக மட்டுமே அடையும்படி செய்யுங்கள். ஓபன்எஸ்எஸ்எச்சில் உள்ள ப்ராக்ஸிஜம்ப் வசதி இதற்கென்றே அமைந்தது. உங்கள் தனிச்சாவியை இடைச் சர்வரில் வைக்கத் தேவையில்லை. கடவுச்சொல் உள்நுழைவையும் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) உள்நுழைவையும் நிறுத்திவிடுங்கள். அமைப்பை மாற்றும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே பழையதை மூடுங்கள்.

கேள்வி: கேட்வே அமைத்து ஓராண்டு ஆகிறது. சென்ற மாதம் ஒருவர் வேலையை விட்டுச் சென்றார். அவருடைய அணுகலை நீக்கினோமா என்று எங்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. நிர்வாகத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது?
(கூட்டுறவுச் சங்க ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் ஒரு பதிவேடு தொடங்குங்கள். சாதாரண நோட்டுப் புத்தகம்கூடப் போதும். ஆளின் பெயர், சாதனம், கொடுத்த உள்முகவரி, கொடுத்த நாள், நீக்கிய நாள் ஆகியவற்றை ஒரு சாதனத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பிறகு கேட்வேயில் உள்ள சாவிகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாத ஒவ்வொன்றையும் அன்றே நீக்கிவிடுங்கள். வயர்கார்டில் ஒருவரின் பொதுச்சாவியை நீக்கினால் மற்றவர்களுக்கு எந்த இடையூறும் வராது. ஒவ்வொரு சாவியும் கடைசியாக எப்போது தொடர்புகொண்டது என்பதையும் அதன் நிலைப் பட்டியல் காட்டும். விலகிச் சென்றவரின் சாவிக்கு எதிரே நேற்றைய நேரம் தெரிந்தால், அதை உங்கள் செயலாளரிடம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

ஒரே சாவியை இருவர் பகிர்ந்துகொள்ள அனுமதிக்காதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் இணைப்பு மாறி மாறி அறுபடும். அதைவிட முக்கியமாக, யார் எதைச் செய்தார் என்பதைப் பதிவுகளிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினிப் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், சைபர் நிகழ்வு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே பதிவுகளை கேட்வேயிலேயே விட்டுவைக்காமல் வேறொரு கணினிக்கும் அனுப்பிச் சேமியுங்கள். உள்ளே நுழைந்தவர் முதலில் அழிக்க விரும்புவது அவற்றைத்தான்.

புதுப்பிப்புகளைப் பொறுத்தவரை, அலுவலகத்தின் மற்றக் கணினிகளுக்கு ஒரு வாரம் பொறுத்தாலும் கேட்வேக்குப் பொறுக்க முடியாது. 2023 அக்டோபரில், கேட்வேயாகப் பயன்படும் சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலர் கருவிகளில் தெரியவந்த, சிட்ரிக்ஸ் பிளீட் என்று பெயர் பெற்ற ஓட்டையின் வழியாக, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் அமர்வு அடையாளங்களையே திருட முடிந்தது. கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து முடித்த பிறகு கிடைக்கும் அடையாளம் என்பதால், அது கையில் இருப்பவரிடம் கேட்வே மறுபடி எதையும் கேட்கவில்லை. திருத்தத்தை நிறுவிய பின்பும் திருடப்பட்ட அமர்வுகள் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. எல்லா அமர்வுகளையும் வலிந்து முடித்த இடங்களில்தான் கதவு உண்மையில் அடைபட்டது. உங்கள் கருவி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், திருத்தம் நிறுவும் நாளில் எல்லோரையும் ஒரு முறை வெளியேற்றி மறுபடி நுழையச் செய்யுங்கள். அந்தச் சில நிமிடத் தொந்தரவை முதல் நாளே சுற்றறிக்கையில் தெரிவித்துவிட்டால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.