மாத்திரை அட்டையும் அமாவாசை விரதமும்: செவிலியர் பதில்கள்

அம்மாவுக்கு வீடு தேடி வந்து தரும் பிரஷர் மாத்திரையும் இருக்கிறது, தனியார் டாக்டர் எழுதித் தந்ததும் இருக்கிறது. இரண்டையும் போடுகிறார். இப்போது கால் வீக்கம். சிறுநீரகக் கோளாறா, சிஸ்டர்? (பெரம்பூர்)

முதலில் இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் வேறாக இருக்கலாம். மருந்தின் பெயரும் அச்சாகியிருக்கும். இரண்டிலும் அம்லோடிபின் என்றிருந்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகப் போகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு அடிக்கடி வரும் கேள்வி இது. திட்டத்தில் குறையில்லை, நாம்தான் இந்த டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டுவதில்லை.

அம்லோடிபின் சின்ன ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். மாலையில் அதிகமாகத் தெரியும். அளவு கூடினால் வீக்கமும் கூடும். கடையில் நீர் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், இந்த வீக்கம் அதற்குப் பெரிதாக மசியாது. எதை நிறுத்துவது என்று டாக்டரிடம் இன்றே கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிறுநீரகத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லதுதான்.

தைராய்டு மாத்திரையை காபியோடு போடலாமா? (மடிப்பாக்கம்)

கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. டிகாக்ஷன் இறங்கும் வரை காத்திருப்பவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

அமாவாசை விரதத்தில் காலைச் சாப்பாடு கிடையாது. சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறேன். சரிதானே? (மயிலாப்பூர்)

எந்த மாத்திரை என்று எழுதவில்லையே! மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காமல் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அப்புறம் பேச்சுக் குழறல். மெட்டோப்ரோலால் என்ற பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், ஆனால் வியர்வை தெரியும்.

தாழ்ந்துவிட்டால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். பாயசம், சாக்லேட் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். தேறியதும் சாப்பிட்டாக வேண்டும், விரதம் அன்றைக்கு முடிந்தது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். அடுத்த அமாவாசைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது. (ஆவடி)

அது மாத்திரையின் நிறம். தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம், டாக்டரிடம் போகத் தாமதிக்காதீர்கள், முக்கியமாக ஆஸ்பிரின் எடுப்பவர்கள்.

ஃபிரிட்ஜ் இல்லை. மே மாதத்தில் இன்சுலினை எப்படி வைப்பது? (வியாசர்பாடி)

திறந்த குப்பியைப் பொதுவாக 28 நாள் வெளியில் வைக்கலாம் என்பார்கள். ஆனால் அது 30 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கு. நம் ஊர் மே மாதத்துக்கு அல்ல. சின்ன மண்சட்டியை, ஈரமணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் வைத்து, குப்பியைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு உள்ளே வையுங்கள். மூடி, நிழலில் இருக்கட்டும். மணல் காயக் கூடாது. ஃபிரிட்ஜ் உள்ள பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால், ஃபிரீசரில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் வீண்தான்.