கண்ணில் கிருமி, அப்புறம் லேசர்: மிஸி பதில்கள்

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தினர் கேட்டவை. பதில் சொல்பவர், கண் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி.

மிஸி, பல வருசத்துக்கு முன்ன எங்கப்பாவுக்கு விழித்திரையில கிருமித் தழும்பு, பக்கத்துல ரத்தக்குழாய் கசியுதுன்னு வலது கண்ணுல லேசர் அடிச்சாங்க. இப்ப பேப்பர் படிச்சா நடுவுல எழுத்து காணாமப் போகுதாம். லேசர் வீணா?

வீண் இல்லம்மா. லேசர் சுட்ட இடம் வடு. அங்கே பார்வை திரும்பாது. அந்த வடு வருசக் கணக்கில் மெல்ல அகலவும் செய்யும், நடுப்பார்வைக்குப் பக்கத்தில் சுட்டிருந்தால் தெரியத்தான் செய்யும். ஆனால் வடுதான் காரணம் என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதே. அதன் ஓரத்தில் புதுக்குழாய் மறுபடி முளைப்பது உண்டு. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குளியலறை ஓட்டுக் கோடுகளை அப்பாவைப் பார்க்கச் சொல். கோடு வளைந்தால் உடனே கண் டாக்டரிடம் கூட்டிப் போ. வளையாவிட்டாலும் இந்த வாரமே காட்டு.

அப்படின்னா எதுக்கு லேசர் அடிச்சாங்க?

அப்போது வேறு நல்ல வழி இல்லை. இப்படிக் கசியும் கிருமித் தழும்புகளில் ஒன்று, பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையால் வருவது. அது அமெரிக்காவில் ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றோரங்களில் அதிகம். 1979இல் அங்கே தொடங்கிய பெரிய ஆய்வில், நடுப்புள்ளிக்குச் சற்றுத் தள்ளிக் கசிந்த கண்களை 5 வருசம் பார்த்தார்கள். லேசர் பெறாத கண்களில் ஏறக்குறைய 10க்கு 4, எழுத்து அட்டையில் 6 வரியோ அதற்கு மேலோ இழந்தன. பெற்றவற்றில் 10க்கு 1 போலத்தான். இன்று பெரும்பாலும் கண்ணுக்குள் ஊசி, அதில் சுட்ட வடு இல்லை.

எனக்குப் பூனைக்கிருமி, டாக்சோ. லேசர் அடிச்சா திரும்ப வராதுல்ல அக்கா?

வரும் தம்பி. நல்லா இருப்பதுபோல் தெரியும் விழித்திரையிலும் அந்தக் கிருமி ஒளிந்திருக்கும், லேசருக்கு அது அகப்படாது. இதற்கு மாத்திரைதான். புதுசாகப் பூச்சி பறப்பதுபோல் தெரிந்தால், மங்கினால் காத்திருக்காதே.

அக்கி வைரஸ் கண்ணுக்குள்ள போய், விழித்திரை கழறாம இருக்கச் சுத்திலும் லேசர் போட்டாங்க. இனி பயமில்லையே?

பயம் போகவில்லை. அது வேலி மாதிரி, அவ்வளவுதான். அதனால் கழறுவது எவ்வளவு குறையுது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வைரஸ் மருந்தை இடையில் நிறுத்தாதே. திரை விழுவதுபோல் ஓரம் இருண்டால், ராத்திரியானாலும் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடி.