ஹாம் ரேடியோ 'நரி வேட்டை' ஒன்றை முதல்முறையாக நடத்துவது எப்படி?

எங்கள் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்மிட்டரை ஒளித்துவைத்து, அதன் சிக்னலைப் பிடித்துத் தேடும் போட்டி நடத்த வேண்டும், யாரும் எளிதில் கண்டுபிடிக்காதபடி எங்கே ஒளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் வில்லங்கம் இருக்கிறது. யாரும் கண்டுபிடிக்காதபடி ஒளிப்பது மிக எளிது. நான் அதைச் செய்து காட்டியிருக்கிறேன்.

மதுரையில் யானைமலைப் பக்கம் நான் நடத்திய முதல் வேட்டை அது. புறப்படும் இடம் ஒத்தக்கடையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு. நரியை, அதாவது டிரான்ஸ்மிட்டரை, ஒரு கண்மாய்க்கரைக்கு அந்தப் புறச் சரிவில் கருவேல மரத்தடியில் வைத்தேன். கரை மண் நேராக வரும் சிக்னலை மறைத்துவிட்டது. ஆனால் எதிரே ஒரே பாறையாகப் படுத்துக்கிடக்கும் யானைமலையில் பட்டுத் திரும்பிய சிக்னல் தோப்பில் நன்றாகக் கேட்டது. ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்கெல்லாம் மலைதான் தெரிந்தது. எல்லோரும் மலையை நோக்கி நடந்தார்கள். ஒருவர் நரசிங்கம் கோயில் வரை போய்ச் சாமி கும்பிட்டுவிட்டே திரும்பினார். இரண்டரை மணி நேரம் கழித்து நானே அழைத்துப்போய்க் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வேட்டைக்கு நான்கு பேர்தான் வந்தார்கள்.

ஆகவே இடம் தேர்வு செய்ய என் அளவுகோல் இதுதான்: புறப்படும் இடத்தில் நின்று, ஹேண்டியோடு, அதாவது கையடக்க வானொலிக் கருவியோடு, வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவில் கேட்டால் நரியின் குரல் இரைச்சலுக்கு நடுவே மெலிதாகவாவது கேட்க வேண்டும். முதல்முறை என்றால் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் போதும். பாறை, தகரக் கொட்டகை, மேல்நிலை நீர்த்தொட்டி ஆகியவை சிக்னலைத் திருப்பியடிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் சுவை, சுற்றிலும் இருந்தால் தண்டனை. முந்தைய நாள், இடம் தெரியாத ஒருவரை விட்டுத் தேடச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் இடத்தை மாற்றிவிடுங்கள். யானைமலை போன்ற இடங்களில் சமணர் படுக்கைகள், கல்வெட்டுகள் பக்கம் பெட்டியோடு போகவே கூடாது.

அடுத்தது ஆன்டெனா. வேட்டைக்கு ஒரு வாரம் முன்பே எல்லோரையும் கூப்பிட்டுச் சேர்ந்து செய்யுங்கள். பாதி மகிழ்ச்சி அதில்தான் இருக்கிறது. தச்சர்கள் வைத்திருக்கும் எஃகு அளவு டேப்பில் ஒரு மூன்று மீட்டர் சுருள் ஓர் ஆன்டெனாவுக்குச் சரியாக வரும். பின்னால் நிற்கும் துண்டு 105 சென்டிமீட்டர், கேபிள் இணையும் நடுத்துண்டு 45 சென்டிமீட்டராக இரண்டு பாதி, முன்துண்டு 89. பின்னுக்கும் நடுவுக்கும் 20 சென்டிமீட்டர், நடுவுக்கும் முன்னுக்கும் 32 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு பி.வி.சி. குழாயில் கிளாம்ப் போட்டுப் பிடித்தால் 145 மெகா ஹெர்ட்ஸுக்கு மூன்று கூறு யாகி, அதாவது நீட்டிய திசையிலிருந்து வரும் சிக்னலை அதிகமாகப் பிடிக்கும் ஆன்டெனா, தயார். நடுத்துண்டின் இரு பாதிகளையும் 'யு' போல வளைத்த 13 சென்டிமீட்டர் கம்பி ஒன்றால் இணைக்க வேண்டும். டேப்பின் பெயின்டைச் சுரண்டாமல் சாலிடர் பிடிக்காது. அங்கேதான் புதியவர்கள் அழுவார்கள். நரியின் ஆன்டெனா செங்குத்தாக நிற்கிறது என்றால் தேடுபவரும் யாகியின் துண்டுகளைச் செங்குத்தாகத்தான் பிடிக்க வேண்டும். இதைப் புறப்படும்போது உரக்கச் சொல்லிவிடுங்கள்.

நூறு மீட்டருக்குள் வந்த பிறகுதான் உண்மையான திண்டாட்டம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஹேண்டியில் சிக்னல் அளவு காட்டும் மீட்டர் முழுதாக ஏறி நிற்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஹேண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்ற வேண்டும். சிக்னல் மிகவும் குறையும் கணத்தில் நரி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. அலைவரிசையை ஐந்து, பத்து கிலோ ஹெர்ட்ஸ் தள்ளிவைத்துக் கேட்பதும் உதவும். 435 மெகா ஹெர்ட்ஸ் கேட்கும் ஹேண்டி இருந்தால் இன்னும் நல்லது. 145-இன் மூன்று மடங்கு அது, டிரான்ஸ்மிட்டரிலிருந்து அந்த அலைவரிசையிலும் கொஞ்சம் சிக்னல் கசியும், மிக அருகில் போனால்தான் அங்கே சத்தம் வரும். இந்த மூன்றையும் புறப்படும் இடத்திலேயே ஒருமுறை செய்து காட்டாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

நரிக்கு ஐந்து வாட் வேண்டாம். அதே சக்தியில் விடாமல் ஒலிபரப்பினால் நம் ஊர் வெயிலில் ஹேண்டி கொதித்துப்போகும். ஒரு வாட்டுக்குள், நிமிடத்துக்கு முப்பது வினாடி, ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) அல்லாத ஓர் அலைவரிசையில், உரிமத்தோடு கிடைக்கும் அடையாளமான அழைப்புக்குறியோடு ஒலிபரப்பினால் போதும். உலக அளவில் நடக்கும் போட்டிகளில் ஐந்து நரிகள் ஆளுக்கு ஒரு நிமிடமாக முறைவைத்துப் பேசும். அந்த ஆசை இப்போது வேண்டாம். உரிமம் உள்ள ஒருவர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கட்டும். நினைத்த நேரத்தில் அணைக்கலாம், திருட்டும் போகாது. பிள்ளைகள் வந்தால் ஆன்டெனாவை அவர்கள் கையில் கொடுங்கள். ஆனால் பேசும் பொத்தானை அழுத்துவது உரிமம் உள்ளவராகவே இருக்க வேண்டும்.

வண்டியில் தேட விடுவதானால் நேரத்தை வைத்துப் பரிசு கொடுக்காதீர்கள், ஓட்டம் கண்மூடித்தனமாகிவிடும். குறைந்த கிலோமீட்டரில் வந்தவருக்கே வெற்றி என்று வையுங்கள். எனக்கு நடந்து தேடுவதுதான் பிடிக்கும். தை, மாசியில் காலை ஏழுக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுவேன்.

ஒயர் தொங்கும் பெட்டி ஒன்று புதரடியில் கிடந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாள், இடம், அழைப்புக்குறிகளை எழுதி, உரிம நகல்களோடு காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நில உரிமையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டாலும் கேட்டே ஆக வேண்டும். பெட்டியின் மேல் இது என்ன, யாருடையது, எந்த எண்ணில் அழைக்கலாம் என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுங்கள். இரண்டாம் வேட்டையில் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர், போர் போட நீரோட்டம் பார்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை பாட்டி, ரேடியோ தேடுகிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. தன் மகன் நிலத்திலும் அப்படியே ஒரு சுற்று வந்து சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.