நாணயக் கேள்வி-பதில்: ஹெலனா காசும் புளிக் கரைசலும்

கே: ஒரு பக்கம் ஹெலனா, மறுபக்கம் கிளை ஏந்திய பெண். எந்தக் காலம்?
ப: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் தாய் ஹெலனாவுக்கு அகஸ்டா (பேரரசி) பட்டம் சூட்டிய கி.பி. 324-க்குப் பின், 329-க்குள். அந்தப் பெண் செக்யூரிடாஸ், பாதுகாப்பின் தேவதை. அவள் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துகளைப் படியுங்கள், காசை அடித்த அக்கசாலை தெரிந்துவிடும்.

கே: என்னிடம் உள்ள ஹெலனா காசு மிகச் சிறியது. போலியா?
ப: அவசரம் வேண்டாம். மேலே சொன்ன செக்யூரிடாஸ் காசு ஏறக்குறைய 19 மி.மீ., 3 கிராம். இது 15 மி.மீ., ஒன்றரை கிராம் இருந்தால், அவர் இறந்த பிறகு, 337-340-இல் பேரன்கள் வெளியிட்டது. மறுபக்கத்தில் அமைதியின் தேவதை பாக்ஸ் இருக்கிறாளா, பாருங்கள். ஹெலனாவின் சக்களத்தி தியடோராவுக்கும் அதே வேளையில் காசு அடித்தார்கள்! அதில் இருப்பவள் குழந்தை ஏந்திய பியடாஸ், பக்தியின் தேவதை.

கே: படம் அனுப்பியுள்ளேன். விலை என்ன?
ப: ஒரே பக்கம், அதுவும் மங்கல். எடை இல்லை, விட்டம் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. எடை, விட்டம், இரு பக்கப் படம்: எத்தனை முறைதான் எழுதுவது?

கே: பச்சை படிந்த ஹெலனா காசைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். பளபளக்கிறது. விலை கூடுமா?
ப: பாதிக்கு மேல் போய்விட்டது. அது பூஜையறைக் குத்துவிளக்கு அல்ல. வழுவழுவென்று இறுகிய கரும்பச்சைப் படலம்தான் பல நூற்றாண்டுகளாக அந்த வெண்கலத்துக்குக் கவசம். தலைப்பட்டத்தின் கோடுகளும் கழுத்தணியும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. அமிலம் பட்டால் படலத்தோடு அவையும் போகும், சொறிந்த செம்புதான் மிஞ்சும். அஞ்ச வேண்டியது வேறொரு பச்சை: பல்குத்தும் குச்சியால் தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சை. குளோரைடும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கும் நோய் அது. அப்போதும் புளி வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிவிசி உறையில் வைக்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன்: தேய்க்காதீர்கள்.

கே: அக்ரிப்பினாவின் கோவேறு கழுதை வண்டிக் காசு மலிவாக வருகிறது. வாங்கலாமா?
ப: மலிவு என்பதே பதில். ரோமப் பேரரசர் கலிகுலா (ஆட்சி கி.பி. 37-41) தன் தாய் அக்ரிப்பினாவின் நினைவாக வெளியிட்ட அந்த செஸ்டர்டியஸை (பெரிய ரோமானியக் காசு) பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் படுவா நகரத்துப் பதக்கக் கலைஞர் கவினோ அச்சு அசலாகச் செய்துவிட்டார். இன்றைய வார்ப்புகளுக்கோ கணக்கில்லை. விளிம்பில் அரம் போட்ட தடம் தெரிந்தால் தொடாதீர்கள். ரசீது தராதவரிடம் எதையுமே வாங்காதீர்கள்.

கே: கரூர் அமராவதி ஆற்றில் ஒரு ரோமானியச் செப்புக்காசு எடுத்தேன். விற்கலாமா?
ப: அங்கே நான்காம் நூற்றாண்டுக் காசுகள் கிடைப்பது புதிதல்ல, விற்பதுதான் வம்பு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். முதலில் அங்கே போங்கள். போகும் முன் கழுவாதீர்கள்.