போர்ட் திறக்கவில்லையா? ரவுட்டரை மாற்றிப் பயனில்லை

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் டிசைன் செய்பவர் கோவையில் இருக்கிறார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் எஃப்டிபி சர்வர் (வெளியூரிலிருந்து ஃபைல் எடுத்துக்கொள்ள வழி செய்யும் மென்பொருள்) போட்டு, யூடியூப் பார்த்து ரவுட்டரில் அதற்கான வாசலாகிய 21-ஆம் போர்ட்டை அந்தக் கம்ப்யூட்டருக்கு ஃபார்வர்ட் செய்தேன். வீட்டுக்குள் வேலை செய்கிறது, வெளியிலிருந்து வரவில்லை. எந்தத் தளத்தில் சோதித்தாலும் ‘க்ளோஸ்டு’ என்கிறது. கேபிள்காரர், “ரவுட்டர் பழசு, 4,500 ரூபாய்க்குப் புதுசு போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கினாலாவது உபயோகப்படும். வீட்டுக்குள் வேலை செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சர்வர் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. சிக்கல் ரவுட்டருக்கு வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டர் பக்கத்தைத் திறங்கள். வரவில்லையென்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான எண்ணும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே ‘ஸ்டேட்டஸ்’, அதற்குள் ‘வேன்’ (WAN, வெளி இணைப்பு). அங்கே புள்ளி வைத்த நான்கு எண்களாக ஒரு ஐபி முகவரி தெரியும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடி, கிடைக்கும் பக்கம் காட்டும் எண்ணைக் கீழே எழுதுங்கள். (எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒன்று வந்தால் அதை விட்டுவிடுங்கள், பின்னால் வருகிறேன்.)

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு யோகம். ரவுட்டர் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த உள் முகவரி மாறிவிட்டதா, விண்டோஸின் காவலாளியான ஃபயர்வால் மறிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சோதிக்கும்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதே வைஃபையிலிருந்து சோதிக்காமல் மொபைல் டேட்டாவிலிருந்து சோதியுங்கள். இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் தாளில் இரண்டு எண்களும் வேறு வேறாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ரவுட்டர் காட்டுவது 100.64-இலிருந்து 100.127-க்குள் ஏதாவது ஒன்றில் தொடங்கலாம், அல்லது 10-இல் தொடங்கலாம். அப்படியென்றால் நீங்கள் சிஜிநாட் (CGNAT) என்ற ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது, இணைய இணைப்புக் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரே தெருக்கதவுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் ஸ்டோர் வீட்டைப் பற்றிக் கும்பகோணத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் குடித்தனத்தின் கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறீர்கள். தெருக்கதவு சாத்தியிருக்கிறது, சாவி வீட்டுக்காரரிடம். உங்கள் கதவை மாற்றித் தேக்கில் போட்டாலும் தெருவிலிருந்து வருகிறவர் உள்ளே வர முடியாது.

இன்னொன்று. கேபிள்காரர் விற்கும் புது ரவுட்டரைப் பழைய ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் அப்படியே செருகிவிட்டுப் போவதுதான் வழக்கம். அப்போது புது ரவுட்டரின் ‘வேன்’ பக்கத்தில் 192.168 என்று வரும். அதாவது 4,500 ரூபாய் கொடுத்து நடுவில் இன்னொரு கதவையும் போட்டிருப்பீர்கள்.

முகவரிப் பஞ்சம் உண்மைதான். ஐபிவி4 என்ற பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. 2012-இல் இந்தப் பங்கீட்டுக்கென்றே 100.64 வரிசையை ஒதுக்கினார்கள். அதனால் பங்குபோடுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை விளம்பரத்திலோ விண்ணப்பப் படிவத்திலோ ஒரு வரி போட்டால் என்ன? எத்தனை எம்பிபிஎஸ், எத்தனை ஓடிடி என்று பக்கம் பக்கமாக அச்சடிக்கத் தெரிகிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் எதிர்முனையில் இருக்கும் பிள்ளைக்குச் சிஜிநாட் என்ற சொல்லையே யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

கம்பெனியிடம் தனிக் கட்டணம் கட்டி ‘ஸ்டாட்டிக் ஐபி’ வாங்கலாம். இங்கேதான் இடைத்தரகர்கள் விளையாடுகிறார்கள். 10-இல் தொடங்கும் உள் முகவரியையே மாறாமல் பூட்டிவைத்து, ‘ஸ்டாட்டிக்’ என்று மாதாமாதம் காசு வாங்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மாறாத முகவரி என்பது வாஸ்தவம்தான், ஆனால் வெளியிலிருந்து யாரும் வர முடியாத முகவரி. ‘பப்ளிக் ஸ்டாட்டிக் ஐபி’ என்று எழுத்தில் கேளுங்கள். முகவரியைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இப்போது அந்த நீள முகவரி. அது ஐபிவி6 என்ற புதிய முறை. அதில் பஞ்சமே இல்லை, வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி கிடைக்கும். கம்ப்யூட்டரில் 2-இல் தொடங்கும் நீள முகவரி இருந்தால் உங்களுக்கும் உண்டு என்று அர்த்தம். (எஃப்-இ-80 என்று தொடங்குவது கணக்கில் சேராது.) அப்போது ஃபார்வர்டிங்கே வேண்டாம், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் ஒரு துளை போட்டால் போதும். சொல்லச் சுலபம். கம்பெனி கொடுத்த ரவுட்டர்களில் அந்த மெனுவையே சில சமயம் மறைத்து வைத்திருப்பார்கள். மெனு கிடைத்தாலும், இணைப்பு அறுந்து வந்தால் முகவரியின் முன்பாதி மாறலாம். விண்டோஸ் தன் பங்குக்குத் தற்காலிக முகவரி ஒன்றையும் வைத்துக்கொண்டு அதை அடிக்கடி மாற்றும். நீங்கள் எழுதிக் கொடுத்தது அந்தத் தற்காலிகம் என்றால் மறுநாள் வேலை செய்யாது. எல்லாம் சரியாக அமைந்தாலும் கோவைக்காரரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் முயலுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்குத் தேவை போட்டோ கோவைக்குப் போவது, போர்ட் அல்ல. சிங்க்திங் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டு ஒன்றையொன்று அறிமுகப்படுத்திவிட்டால், இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும். எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். ஃபோல்டர் வகையில் ‘செண்ட் ஒன்லி’ என்பதை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அவர் தன் பக்கம் இடம் வேண்டுமென்று அழித்தால் உங்கள் மூலப் படங்களும் சேர்ந்து போகும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். 200 ஜிபி கல்யாணம் 50 எம்பிபிஎஸ் அப்லோடில் சுமார் ஒன்பது மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். நேர்ப்பாதை கிடைக்காமல் ‘ரிலே’ (நடுவில் வேறொரு சர்வர் வழியாகப் போவது) என்று காட்டினால் இன்னும் மெதுவாகும்.

எஃப்டிபி சர்வரை எடுத்துவிடுங்கள். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்பட்டமாக வெளியே போகும். 21 மட்டும் திறந்தாலும் போதாது, ஃபைல் போக வேறு போர்ட்டுகளும் வேண்டும். அதை அந்த யூடியூப்காரர் சொல்லியிருக்க மாட்டார். விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டைத் திறக்கச் சொன்னால் ஓடிவிடுங்கள். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான். ‘டிஎம்இசட் ஆன் பண்ணினால் எல்லாம் சரியாகும்’ என்பவர் கம்ப்யூட்டரை மொத்தமாக நடுத்தெருவில் வைக்கச் சொல்கிறார். க்யூநாப் என்ற சேமிப்புப் பெட்டிக் கம்பெனியே 2022 ஜனவரியில் தன் வாடிக்கையாளர்களிடம் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்தச் சொன்னது.

ரவுட்டர் பக்கத்தை மூடுவதற்கு முன் ஃபார்வர்டிங் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். ஸ்டுடியோவில் கேமரா மாட்டியவர் 554, 8000, 37777 போன்ற எண்களை உங்களைக் கேட்காமலே சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியின் பாஸ்வேர்டும் பெட்டியில் வந்த அதே பாஸ்வேர்டாகவே இருக்கலாம். 2016-இல் மிராய் வைரஸ் பிடித்தது இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான். நாளைக்கே பொது முகவரி கிடைத்தால் அந்த வரிகளெல்லாம் உயிர் பெற்றுவிடும். அவற்றோடு உங்கள் 21-ஆம் போர்ட் வரியையும் அழித்து, கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியை அணைத்து, ரவுட்டர் பாஸ்வேர்டையும் டிவிஆர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.