வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒரே போத்தலில் ஊற்றலாமா?

கேள்வி: எனது மூன்று வயது மகனுக்கு முட்டு (ஆஸ்துமா) இருக்கிறது. தரை துடைக்கிற திரவத்தின் மணம் பட்டாலே இருமத் தொடங்குகிறான். அதனால் முதல் தடவையாக வீட்டிலேயே துப்புரவுத் திரவம் செய்து பார்க்கலாம் என்று யோசிக்கிறேன். கைபேசியில் பார்த்த ஒரு வீடியோவில் வினாகிரி, அப்பச்சோடா, தேசிக்காய்ச் சாறு, கோப்பை கழுவும் திரவம், வாசனை எண்ணெய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து போத்தலில் அடைத்தார்கள். என்னென்ன வாங்க வேண்டும்? இது உண்மையில் வேலை செய்யுமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, கடைக்குப் போவதற்கு முன்பே கேட்டது நல்லதாய்ப் போயிற்று. அந்த வீடியோவில் உள்ளபடி செய்ய வேண்டாம். வினாகிரி அமிலம், அப்பச்சோடா அதற்கு நேர் எதிர். இரண்டையும் சேர்த்தால் புசுபுசுவென்று நுரை பொங்கும். பார்க்க அழுக்கை அள்ளிக்கொண்டு வருவது போலத்தான் இருக்கும். ஆனால் அது வெறும் காபனீரொட்சைட்டு வாயு. நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புக் கரைத்த தண்ணீர்தான். கலந்த கையோடு மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கவும் கூடும்.

தனித்தனியாகப் பாவித்தால் இரண்டுமே நன்றாக உதவும். வினாகிரி வாங்கும்போது செயற்கை வினாகிரி என்று போட்டிருக்கும் நிறமில்லாத போத்தலையே எடுங்கள். தென்னை வினாகிரியை அச்சாறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தரையில் ஊற்றுவது வீண் செலவு. கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற வீடு என்றால் பைப் நுனியிலும் கேத்தலுக்குள்ளும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதற்கு வினாகிரியைப் போல ஒன்றில்லை. சரிபாதி தண்ணீர் கலந்து, பழந்துணியை நனைத்துப் பைப்பில் சுற்றி, அரை மணித்தியாலம் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஆனால் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கிற சிவப்புச் சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் வினாகிரியோ தேசிக்காயோ படவே கூடாது. அமிலம் சீமெந்தை அரிக்கும். பளபளப்புப் போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

அப்பச்சோடாவைப் பலசரக்குக் கடையில் நிறுத்து வாங்குங்கள். சின்னப் பைக்கற்றுகளாக வாங்கினால் விலை கூடும். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதைத் தூக்கி வந்துவிடாதீர்கள். அதில் மாவும் அமிலமும் கலந்திருப்பதால் இந்த வேலைக்கு ஆகாது. அப்பச்சோடாவில் சொட்டுத் தண்ணீர் விட்டுக் களி போலக் குழைத்து, எண்ணெய்ப் பிசுக்குள்ள காஸ் அடுப்பிலும் சிங்கிலும் தேயுங்கள். அலுமினியச் சட்டியில் மட்டும் வேண்டாம், கறுத்துப் போகும். என் அம்மம்மா பொச்சும் அடுப்புச் சாம்பலும் வைத்துத்தான் சட்டி பானை மினுக்குவார். விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றிவிடும். சாம்பல் கிடைக்கிற வீட்டில் மண்சட்டி, இரும்புச் சட்டிக்கு அதுவே போதும்.

தரைக்கு அரை வாளி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கோப்பை கழுவும் திரவம், மணம் குறைந்ததாகப் பார்த்துப் போடுங்கள். அவ்வளவுதான். வாசனை எண்ணெய் வாங்கவே வேண்டாம். சிட்ரோனெல்லாவோ யூக்கலிப்டஸோ, செடியிலிருந்து வந்த மணமும் முட்டு உள்ள பிள்ளையை இருமவைக்கலாம். மகனுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவனைப் பார்க்கிற வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். வினாகிரி அழுக்கைக் கழற்றும்; கிருமியை நம்பிக்கையாகக் கொல்லாது. வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் என்றால் மலசலகூடத்துக்குக் குளோரின்தான் வேண்டும். மாரி வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுகிற ஊர்கள் நம்முடையவை. பல வீடுகளில் அதில் மிச்சம் கிடக்கும். அந்தக் குளோரினோடு வினாகிரி, தேசிக்காய், மலசலகூடம் கழுவுகிற அமிலத் திரவம் எதுவுமே சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய குளியலறையில் அது பெரியவர்களையே மூச்சுத் திணறவைக்கும். உங்கள் மகனுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றைப் பாவித்த அன்று மற்றதைத் தொட வேண்டாம்.

செய்ததைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடிக்கிற சாமான் என்று எடுத்துவிடும். வேறு போத்தலில் ஊற்றி, பெயரும் திகதியும் எழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள். தேசிக்காய்ச் சாறு சேர்த்தது இரண்டு மூன்று நாளில் பழுதாகும். அன்றன்றைக்குச் செய்து அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் ஒருவர் 'இயற்கை' தரைத் திரவம் என்று பழைய தண்ணீர்ப் போத்தலில் விற்றார். துடைத்த பிறகு கையெல்லாம் எரிந்தது. பில் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலில் கையை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், எரிவு நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள். போகும்போது போத்தலையும் கொண்டுபோங்கள். மிச்சத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடாதீர்கள். பில் இல்லாத நிலையில் உங்களிடம் இருக்கிற ஆதாரம் அதுதான்.

'இயற்கை' என்ற சொல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. சுண்ணாம்பும் இயற்கைதான், அது கையைப் புண்ணாக்கும். செய்தவரின் பெயர், முகவரி, என்ன சேர்ந்திருக்கிறது, திகதி, விலை இவை ஒட்டப்படாத போத்தலை வாங்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். விற்றவரின் பெயர் தெரியாவிட்டாலும் எந்த நாள், எந்த நேரம், எந்த வீதி என்று எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். அவர்களும் வாங்கியிருக்கக் கூடும்.